உறைஞ்ச நியான்ல அயனியைப் புடிச்சு ஐஆர் எடுக்குறது எப்படி

அயனியோட ஐஆர் (அகச்சிவப்பு) ஸ்பெக்ட்ரம் எடுக்கணும்னா முதல் தலைவலி அது ஒரு இடத்துல நிக்காதுங்கிறதுதான். கேஸா இருக்கும்போது சுவத்துல முட்டும், எதிர் சார்ஜைப் பாத்தா போய் ஒட்டிக்கும், மிஞ்சுறது ரொம்பக் கொஞ்சம், ஐஆர் ஸ்பெக்ட்ரம் எடுக்குற சாதாரண எஃப்டிஐஆர் மெஷினுக்கு அது கண்ணுலயே படாது. அதுக்குத்தான் இந்த மேட்ரிக்ஸ் வழி. நியான், ஆர்கான் மாதிரி எதோடயும் சேராத வாயுவை நாலஞ்சு கெல்வின் குளிர்ல ஒரு விண்டோ மேல உறைய விடுறோம், உறையும்போதே அயனியும் அந்த உறைஞ்ச வாயுவுக்குள்ள (இதுதான் மேட்ரிக்ஸ்) மாட்டிக்குது, அப்புறம் மணிக்கணக்கா அப்படியே கிடக்கும், நிதானமா ஸ்கேன் எடுத்துக்கலாம். 1954ல பெர்க்லில ஜார்ஜ் பிமென்டல் குரூப் ஆரம்பிச்ச டெக்னிக் இது, அப்போ ரேடிக்கல்களை (ஜோடி சேராத எலக்ட்ரானோட இருக்கிற, சார்ஜ் இல்லாத துண்டுகளை) புடிக்கத்தான் யோசிச்சாங்க. அயனி பக்கம் இதை இழுத்துட்டு வந்ததுல பெரிய பங்கு அமெரிக்காவோட நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் (என்பிஎஸ்) லேப்ல இருந்த டால்ஃபஸ் மில்லிகன், மர்லின் ஜேகாக்ஸ் ரெண்டு பேருக்கும் வர்ஜீனியா யுனிவர்சிட்டி லெஸ்டர் ஆண்ட்ரூஸுக்கும்தான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். பீக் வர வைக்கிறது கஷ்டமே இல்ல, டிஸ்சார்ஜைப் (வாயுவை மின்சக்தியால பிளாஸ்மாவாக்குறதை) போட்டா குப்பை மாதிரி பீக் வரும். அதுல எதுக்கு சார்ஜ் இருக்குன்னு நிரூபிக்கிறதுதான் மொத்த வேலையும், அதை ஸ்பெக்ட்ரம் வந்ததுக்கு அப்புறம் யோசிக்கக் கூடாது, கூல் பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எந்தெந்த டெஸ்ட் பண்ணப் போறோம்னு முடிவு பண்ணி வச்சுக்கணும். இது சும்மா சொல்றது இல்ல. 1968ல நோபிளும் பிமென்டலும் ஆர்கான்ல 696 வேவ்நம்பர்ல (ஒரு சென்டிமீட்டர்ல எத்தனை அலைங்கிற கணக்கு) ஒரு பேண்டை, அதாவது பீக்கைப் பாத்து ரெண்டு குளோரின் நடுவுல ஒரு ஹைட்ரஜன் இருக்கிற ரேடிக்கல்னு சொன்னாங்க, 1970ல மில்லிகனும் ஜேகாக்ஸும் அது ரேடிக்கல் இல்ல, அதே மூணு அணுவோட நெகட்டிவ் அயனின்னு காட்டிட்டாங்க. 1972ல பாண்டிபேயும் பிமென்டலும் ஆர்கான்ல 900 பக்கம் வந்த ஒரு பேண்டை ஆர்கான் படிக இடுக்குல உக்காந்திருக்கிற ஹைட்ரஜன் அணுன்னு சொன்னாங்க, அடுத்த வருஷமே மறுபடி மில்லிகனும் ஜேகாக்ஸும், இல்லப்பா அது புரோட்டான், ஆர்கானோட சேந்த பாசிட்டிவ் அயனின்னு சொல்லிட்டாங்க, இன்னைக்கு அந்த 903 பேண்டை ரெண்டு ஆர்கான் நடுவுல மாட்டின புரோட்டான்னுதான் எல்லாரும் எழுதுறாங்க. டெக்னிக்கைக் கண்டுபுடிச்ச ஆளோட குரூப்புக்கே ரெண்டு தடவை சார்ஜ் விட்டுப்போச்சுன்னா நாம எந்த மூலைக்கு.

சரி, பழகுறதுக்கு நல்ல உதாரணம் கார்பன் டை ஆக்சைடு. சேம்பிள் மலிவு, ஆபத்து இல்ல, ஐசோடோப் (அதே தனிமம், எடை மட்டும் வேற) போட்ட கேஸ் விலைக்குக் கிடைக்கும், முக்கியமா பிளஸ் மைனஸ் ரெண்டு அயனியும் ஒரே டெபாசிட்ல கிடைக்கும். 1989ல ஜேகாக்ஸும் வாரன் தாம்சனும் நியான்ல அயனி வரிசையை ஆரம்பிச்சதே இதை வச்சுத்தான். பாசிட்டிவ் அயனி 1421.7லயும் நெகட்டிவ் அயனி 1658.3லயும் வரும், ரெண்டும் அசிம்மெட்ரிக் ஸ்ட்ரெச், அதாவது ஒரு பக்கத்து பாண்ட் நீளும்போது இன்னொரு பக்கம் சுருங்குற அதிர்வு.

ஏன் நியான், ஆர்கான்ல பண்ணா என்னன்னு கேப்பீங்க, ஆர்கான் விலையும் கம்மி, பத்து கெல்வின் க்ரையோஸ்டாட்டே (குளிர வைக்கிற மெஷின்) போதும். ரெண்டு காரணம். ஒண்ணு, அயனியாக்க எனர்ஜி வேணும். கார்பன் டை ஆக்சைடுல இருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 13.78 எலக்ட்ரான் வோல்ட் ஆகும், கிளர்ந்த ஆர்கான் அணு கையில 11.5, 11.7 அளவுதான் இருக்கு, பத்தாது, கிளர்ந்த நியான்ல 16.6க்கு மேல இருக்கு, தாராளம். ரெண்டாவது, பக்கத்துல இருக்கிற அணுக்கள் அயனியை எவ்ளோ தொந்தரவு பண்ணுதுங்கிறது. நியானோட போலரைசபிலிட்டி (பக்கத்து சார்ஜுக்கு எலக்ட்ரான் மேகம் எவ்ளோ இழுபடும்ங்கிறது) ஆர்கானோடதுல கால்பங்கு கூட இல்ல, அயனியாக்க எனர்ஜியும் 21.56, அதனால மாட்டியிருக்கிற பிளஸ் சார்ஜை அது தன் பக்கம் இழுக்காது. ஆர்கானுக்கு 15.76தான், உங்க மாலிக்யூலோட எனர்ஜி அதுக்குக் கிட்ட வந்துச்சுன்னா ஆர்கானும் அயனியும் பாதி பாண்ட் மாதிரி ஒட்டிக்கும், பேண்ட் எங்கயோ போய் நிக்கும். நியான்ல எவ்ளோ சுத்தமா வரும்ங்கிறதுக்கு இந்த அயனியே சாட்சி, கேஸ் நிலையில ஜப்பான்ல 1985ல டையோட் லேசர் வச்சு அளந்த மதிப்பு 1423.08, நியான்ல 1421.7, ஒண்ணரை வேவ்நம்பர் கூட வித்தியாசம் இல்ல.

விலைதான் நெருடும். 2022ல உக்ரைன் போர் வந்தப்போ நியான் விலை எகிறினது லேப்ல இருக்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதனால செட்டப்பை ஆர்கான்ல ஓட்டிப் பாத்து லீக், ஃப்ளோ எல்லாம் சரி பண்ணிட்டு அப்புறம் நியான் சிலிண்டரைத் திறங்க.

செட்டப் பத்தி. க்ளோஸ்ட் சைக்கிள் ஹீலியம் க்ரையோஸ்டாட் வேணும், நியானுக்கு 4 கெல்வின் வரைக்கும் போற மாடல்தான் வேணும், பத்து கெல்வின் மெஷின்ல நியான் நிக்கவே நிக்காது. நம்ம பக்கம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல மேட்ரிக்ஸ் ஐசொலேஷன் வேலை பல வருஷமா நடந்திருக்கு, பெரும்பாலும் ஹைட்ரஜன் பாண்ட் மாதிரி சார்ஜ் இல்லாத காம்ப்ளக்ஸ்களை வச்சு, க்ரையோஸ்டாட், வேக்யூம், கேஸ் மிக்ஸிங் அடிப்படை எல்லாம் அதுக்கும் இதுக்கும் ஒண்ணுதான், அங்க பழகினவங்க யாராவது தெரிஞ்சா ஒரு நாள் பக்கத்துல நின்னு பாருங்க. குளிர் நுனியில சீசியம் அயோடைடு விண்டோ வைக்கலாம், 200 வேவ்நம்பர் வரைக்கும் ஒளி விடும், இல்லன்னா தங்க முலாம் போட்ட காப்பர் கண்ணாடி வச்சு ரிஃப்லெக்ஷன்ல எடுக்கலாம். நான் நியானுக்கு கண்ணாடியைத்தான் சொல்வேன், சீசியம் அயோடைடு மெத்துன்னு இருக்கும், வெப்பத்தை நல்லா கடத்தாது, சென்சார் 5 கெல்வின் காட்டும், விண்டோ நடுவுல அதைவிடச் சூடா இருக்கும், நியான் பாதி ஒட்டாமப் போயிரும். விண்டோதான் இருக்குன்னா ஹோல்டருக்கும் விண்டோவுக்கும் நடுவுல இண்டியம் கேஸ்கெட் கட்டாயம். ரேடியேஷன் ஷீல்டு ஓட்டை டெபாசிட் பக்கம் எவ்ளோ சின்னதா வைக்க முடியுமோ அவ்ளோ சின்னதா. வெளி விண்டோ பொட்டாசியம் புரோமைடு போதும், மழைக்காலத்துல கையால தொடாதீங்க, வேலை முடிஞ்சா டெசிக்கேட்டர்ல வச்சிடுங்க.

வேக்யூம் டர்போ பம்ப் வச்சு 10⁻⁷ மில்லிபார் வரைக்கும் இறங்கணும், ராத்திரி முழுக்க ஓட விட்டு காலைல பாருங்க. லீக் இருக்கான்னு தெரிஞ்சுக்க சுலபமான வழி, கூல் பண்ணிட்டு எதுவும் டெபாசிட் பண்ணாம அரை மணி விட்டு ஒரு ஸ்கேன் எடுங்க, 3200 பக்கம் அகலமா ஐஸ் பேண்ட் வளந்துட்டே போனா எங்கயோ காத்து உள்ள வருது. நைட்ரஜன் ஐஆர்ல தெரியாது, தண்ணிதான் காட்டிக்கொடுக்கும்.

கேஸ் மிக்ஸ் பண்றது மனோமீட்டர் வச்சுத்தான். கார்பன் டை ஆக்சைடை முதல்ல லிக்விட் நைட்ரஜன்ல உறைய வச்சு, பம்ப் பண்ணி, உருக விட்டு, திரும்ப உறைய வச்சு, கரைஞ்சிருக்கிற காத்தை எடுத்துடுங்க. அப்புறம் ஒரு லிட்டர் பல்புல 1 மில்லிபார் கார்பன் டை ஆக்சைடு விட்டு நியானை 800 மில்லிபார் வரைக்கும் ஏத்துனா 800க்கு 1. ஏத்தின உடனே யூஸ் பண்ணாதீங்க, கலக்க நேரம் குடுங்க. அதிகமா போட்டா என்ன ஆகும்னா ரெண்டு மூணு மாலிக்யூல் பக்கத்துல பக்கத்துல மாட்டி டைமர் (ரெண்டு மாலிக்யூல் ஒட்டின) அயனி வந்து நிக்கும், மூணாவதா ஒரு ஆள் வந்த மாதிரி ஸ்பெக்ட்ரமே குழம்பிடும். டைமரைப் பாக்கணும்னா வேணும்னே 200க்கு 1 போட்டு ஒரு தடவை ஓட்டுங்க, எந்த பீக் மட்டும் விகிதத்துக்கு மேல வளருதோ அது டைமர் ஆள்.

இப்போ டிஸ்சார்ஜ். இங்கதான் ஜேகாக்ஸ் அரேஞ்ச்மென்ட்டோட புத்திசாலித்தனம் இருக்கு. சேம்பிளை டிஸ்சார்ஜ் வழியா விடுறதே இல்ல. வெறும் நியானை ஒரு குவார்ட்ஸ் டியூப் வழியா விடுறோம், டியூப்பைச் சுத்தி 2450 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கேவிட்டி, டியூப் நுனியில ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஓட்டை, அந்த ஓட்டையில இருந்து கிளர்ந்த நியான் அணுக்கள் வெளிய வந்து விண்டோவை நோக்கிப் போகுது, சேம்பிள் கலந்த நியான் தனிக் குழாய்ல பக்கத்துல இருந்து வருது, ரெண்டும் விண்டோவுக்குக் கொஞ்சம் முன்னாடி சந்திக்குது, அங்கயே எலக்ட்ரான் பிடுங்கப்படுது, அடுத்த நொடியே உறைஞ்சு போகுது. சேம்பிளையே பிளாஸ்மாவுக்குள்ள விட்டீங்கன்னா கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன், ஓசோன்னு சிதறி அயனி தேடுறதுக்கு இடமே இருக்காது. ஒண்ணு மறந்துடாதீங்க, ரெண்டு பக்கமும் நியான் வர்றதால விண்டோ மேல இருக்கிற உண்மையான விகிதம் பல்புல கலந்த விகிதம் இல்ல, ரெண்டு ஃப்ளோவையும் கூட்டிக் கணக்குப் போட்டு நோட்ல எழுதுங்க.

டிஸ்சார்ஜ் தானா பத்திக்காது, டெஸ்லா காயிலை டியூப் கிட்ட காட்டி ஒரு தட்டு தட்டணும். நியானோட ஆரஞ்சு சிவப்பு வந்து அப்படியே அசையாம நிக்கணும். நிறம் வெளுத்து வேற பக்கம் போனா காத்தோ தண்ணியோ கலந்திருக்கு, டெபாசிட்டை நிறுத்துங்க, அன்னைக்கு மேட்ரிக்ஸ் வேஸ்ட். மைக்ரோவேவ் லீக் மீட்டர் வச்சு கேவிட்டியைச் சுத்தி பாத்துடுங்க, யூவி கண்ணாடி போடாம டியூப்பை உத்துப் பாக்காதீங்க. பவரை ரொம்ப ஏத்தாதீங்க, ஏத்துனா வெப்பம் விண்டோவுக்குப் போய் டெம்பரேச்சர் ஏறும், 5 கெல்வின் 6 ஆனா கூட நியான் பளிங்கு மாதிரி இல்லாம வெள்ளையா நுரைச்சு ஒளியைச் சிதறடிக்கும். மணிக்கு சில மில்லிமோல் வேகத்துல மூணு நாலு மணி நேரம் படிய விடுங்க.

ஸ்கேன் எடுக்கும்போது ரெசல்யூஷன் 0.5 இல்லன்னா அதைவிட நல்லதா வைங்க, நியான்ல பேண்ட் ஊசி மாதிரி வரும், 2 வச்சு எடுத்தா பக்கத்து பக்கத்து பீக் ஒண்ணாயிடும். டிடெக்டர் லிக்விட் நைட்ரஜன் ஊத்துற எம்சிடி (மெர்க்குரி காட்மியம் டெல்லுரைடு). பர்ஜ் (மெஷினுக்குள்ள இருக்கிற ஈரக் காத்தை உலர்ந்த வாயுவால வெளிய தள்ளுறது) விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். 1400ல இருந்து 1800 வரைக்கும் காத்துல இருக்கிற நீராவியோட கோடுகள் காடு மாதிரி இருக்கும், நாம தேடுற 1658.3 சரியா அந்தக் காட்டுக்கு நடுவுல இருக்கு. ரெண்டு நாள் டிரை நைட்ரஜன் ஓட விட்டாக்கூட தப்பில்ல.

ஸ்கேனைத் திறந்தா முதல்ல கண்ணுல படுறது 2347 பக்கம் தலைக்கு மேல போன பெரிய பீக், அது அயனியாகாத கார்பன் டை ஆக்சைடு, அதைப் பாத்து சந்தோஷப்படவும் வேண்டாம் பயப்படவும் வேண்டாம், உள்ள போனதுல பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும், அயனியாகுறது சின்னப் பங்குதான். 2141 பக்கம் கார்பன் மோனாக்சைடு, கொஞ்சமாவது வரும். அதுக்கப்புறம் ஸ்கேலைப் பெருசாக்கி 1421ஐயும் 1658ஐயும் பாருங்க. இந்த ரெண்டுல மைனஸ் அயனி எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு, கேஸா தனியா விட்டா மைக்ரோசெகண்ட் கணக்குல எலக்ட்ரானை உதறிட்டு போயிரும், கார்பன் டை ஆக்சைடுக்கு எலக்ட்ரானை வச்சுக்கவே விருப்பம் இல்ல, ஆனா நியானுக்குள்ள வளைஞ்ச உருவத்துல மாட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கும்.

இப்போ நிரூபிக்கிற வேலை. முதல்ல ரெண்டு பிளாங்க். அதே மிக்ஸ், அதே ஃப்ளோ, டிஸ்சார்ஜ் மட்டும் ஆஃப். அப்புறம் டிஸ்சார்ஜ் ஆன், சேம்பிள் இல்லாம வெறும் நியான். ரெண்டுலயும் வராம ரெண்டும் சேந்தா மட்டும் வர்ற பீக்தான் ஆட்டத்துல இருக்கு. ஆனா அது ரேடிக்கலாவும் இருக்கலாம், அதனால இதோட நிறுத்தக் கூடாது.

அடுத்து ஐசோடோப். கார்பன் 13 போட்ட கேஸ்ல ஓட்டுங்க. நேர்கோட்டுல இருக்கிற மூணு அணு அயனிக்கு அசிம்மெட்ரிக் ஸ்ட்ரெச் விகிதம் கணக்குப்படி 1.029 வரும், அதாவது 1421.7 பேண்ட் ஏறக்குறைய 40 வேவ்நம்பர் கீழ இறங்கணும். மைனஸ் அயனி நேர்கோடு இல்ல, 135 டிகிரி பக்கம் வளைஞ்சிருக்கு, அதுக்கு விகிதம் 1.028 அளவுக்கு வரும், 1658.3 பேண்ட் 45 அளவு இறங்கணும். அந்த மூணாவது தசம இடத்து வித்தியாசத்துல இருந்துதான் கோணத்துக்கே ஒரு மதிப்பீடு போடுறாங்க, பீக் பொசிஷனை ஏன் தசமத்தோட படிக்கச் சொல்றாங்கன்னு இப்போ புரியும். ஆக்சிஜன் 18 பாதி, 16 பாதி நல்லா கலந்த கேஸ் போட்டா ஒவ்வொரு பேண்டும் மூணாப் பிரிஞ்சு 1:2:1 உயரத்துல நிக்கணும், நின்னா ரெண்டு ஆக்சிஜன் இருக்கு, ரெண்டும் சமம்னு அர்த்தம். 16 தனி, 18 தனின்னு ரெண்டு கேஸை மட்டும் சேத்து விட்டா நடு பீக் சின்னதா வரும் இல்ல வரவே வராது, அதைப் பாத்து ஒரே ஒரு ஆக்சிஜன்தான்னு முடிவு பண்ணிடாதீங்க.

ஐசோடோப் எந்த அணுக்கள் இருக்குன்னு சொல்லும், சார்ஜைச் சொல்லாது. சார்ஜுக்கு ரெண்டு டெஸ்ட். மேட்ரிக்ஸ் மொத்தமா பாத்தா நியூட்ரலாத்தான் இருக்கணும், ஒரு பிளஸ் இருந்தா எங்கயோ ஒரு மைனஸ் இருக்கு. இந்த வரவு செலவைக் குலைச்சுப் பாக்குறதுதான் தந்திரம். கார்பன் டெட்ரா குளோரைடு மாதிரி எலக்ட்ரானை ஆசையா வாங்குற ஒண்ணை ரொம்பக் கொஞ்சமா சேத்து அதே எக்ஸ்பெரிமென்ட்டைத் திரும்ப ஓட்டுங்க. எலக்ட்ரான்களை அது வாங்கிக்கும், வாங்கின உடனே குளோரைடு அயனியைக் கழட்டி விடும், கார்பன் டை ஆக்சைடுக்கு எலக்ட்ரான் கிடைக்காது, அதனால 1658 சுருங்கணும், 1421 அப்படியே நிக்கணும் இல்ல வளரணும். ரெண்டும் ஒரே திசையில போச்சுன்னா உங்க அசைன்மென்ட்ல (எந்த பீக் எதோடதுன்னு சொன்னதுல) ஏதோ கோளாறு.

இன்னொண்ணு ஒளி. ஃபில்டர் போட்ட விளக்கை வச்சு முதல்ல சிவப்பு, அப்புறம் மஞ்சள், பச்சை, நீலம்னு அலைநீளத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து ஒவ்வொரு படிக்கும் பத்து இருபது நிமிஷம் காட்டி ஸ்கேன் எடுங்க. எலக்ட்ரானை லேசாப் புடிச்சிருக்கிற மைனஸ் அயனி முதல்ல விடும், விடுபட்ட எலக்ட்ரான் நியானுக்குள்ள ஓடி பிளஸ் அயனில போய் விழும், அதனால 1658 இறங்கும்போது கூடவே 1421ம் இறங்கும், வித்தியாச ஸ்பெக்ட்ரம் போட்டா நியூட்ரல் கார்பன் டை ஆக்சைடு லேசா ஏறியிருக்கும். ரேடிக்கல் பேண்ட் இந்த மாதிரி கூட்டமா நடந்துக்காது. இதுல ஒரு எச்சரிக்கை, ஸ்பெக்ட்ரோமீட்டர் சோர்ஸோட விசிபிள் ஒளியும் அறை விளக்கும் இதே வேலையைச் சத்தமில்லாம செய்யும், சில மெஷின்ல ரெஃபரன்ஸ் லேசரோட சிவப்பு ஒளியும் சேம்பிள் மேல படும், அதனால டெபாசிட் ஆரம்பிச்சதுல இருந்து லைட்டை அணைச்சு விண்டோக்களை அலுமினியம் ஃபாயில் போட்டு மூடி வைங்க, சோர்ஸுக்கு முன்னாடி விசிபிளை வெட்டுற ஃபில்டர் போடுங்க. முதல் ஸ்கேனுக்கும் அரை மணி கழிச்சு எடுத்த ஸ்கேனுக்கும் அயனி பீக் குறைஞ்சா காரணம் பெரும்பாலும் இதுதான்.

அனீலிங் கடைசியா. நியானை 8 கெல்வின் வரைக்கும் மெதுவா ஏத்தி திரும்ப இறக்குங்க. நியான் கொஞ்சம் இளகி சின்ன அணுக்கள் நகரும், சேர வேண்டியது சேரும், சைட் பிளவுனால (மேட்ரிக்ஸ்ல வேற வேற மாதிரி இடத்துல மாட்டினதால) ரெட்டையா தெரிஞ்ச பீக் ஒத்தையாகும், டைமர் இருந்தா வளரும். 10 தாண்டினா மேட்ரிக்ஸே காலி, கேஜ் முள் துள்ளும்.

டிஎஃப்டி (கம்ப்யூட்டர்ல போடுற குவாண்டம் வேதியியல்) கணக்கு போடுங்க, ஆனா அதை நீதிபதியா வைக்காதீங்க. இந்தப் பாசிட்டிவ் அயனிலயே பாருங்க, கேஸ் நிலையில நியூட்ரல்ல 2349ல இருந்த அசிம்மெட்ரிக் ஸ்ட்ரெச் ஒரு எலக்ட்ரான் போனதுக்கே 1423க்கு இறங்கிருச்சு, பக்கத்து எலக்ட்ரானிக் நிலையோட கலக்குறதுதான் காரணம், இந்த மாதிரி இடத்துல சாதாரண ஹார்மோனிக் கணக்கு தடுமாறும். ஐசோடோப் விகிதத்துக்கு கணக்கு நல்லா உதவும், தனி பொசிஷனுக்கு அவ்ளோ நம்ப வேண்டாம்.

பெரிய மாலிக்யூல்னா இவ்ளோ எனர்ஜி தேவையில்ல, ஆர்கானே போதும். நாஃப்தலீன்ல இருந்து எலக்ட்ரான் எடுக்க 8.14 எலக்ட்ரான் வோல்ட்தான், அதனால ஹீலியம்ல பத்து சதவீதம் ஹைட்ரஜன் கலந்து டிஸ்சார்ஜ் போட்டு அதுல வர்ற 10.2 எலக்ட்ரான் வோல்ட் லைமன் ஆல்ஃபா (ஹைட்ரஜன் விடுற யூவி) ஒளியை மெக்னீசியம் ஃப்ளோரைடு விண்டோ வழியா மேட்ரிக்ஸ் மேல விட்டா போதும், உறைஞ்சதுக்கு அப்புறம் அயனியாக்கலாம். நாசா ஏம்ஸ்ல ஹட்ஜின்ஸ், சாண்ட்ஃபோர்ட், அலமண்டோலா இப்படித்தான் 1990கள்ல வரிசையா பண்ணாங்க, நாஃப்தலீன் அயனியோட பெரிய பேண்ட் 1218ல வரும். நியூட்ரல்ல சோப்ளாங்கியா இருக்கிற 1200ல இருந்து 1600 வரைக்குமான பேண்டுகள் அயனியானதும் பல மடங்கு பலமாகும், விண்வெளில இருந்து வர்ற 6.2, 7.7 மைக்ரான் ஒளியை விளக்க வானியல்காரங்களுக்கு இது ரொம்ப உதவிச்சு. இங்கயும் கார்பன் டெட்ரா குளோரைடு சேத்தா அயனி அளவு நல்லாவே கூடும், ஆனா அதுவே உடைஞ்சு 1037 பக்கம் தன்னோட டிரைகுளோரோமெத்தில் பாசிட்டிவ் அயனி பீக்கையும் விட்டுட்டுப் போகலாம், அதை உங்க மாலிக்யூல் கணக்குல எழுதிடாதீங்க.

ஆர்கான்ல ஹைட்ரஜன் இருக்கிற எந்த சேம்பிள் போட்டாலும் 903.3ஐ ஒரு தடவை எட்டிப் பாருங்க. அங்க பீக் இருந்தா உங்க செட்டப்ல புரோட்டான் உண்டாகி மாட்டுதுன்னு அர்த்தம், அயனி உருவாகுதா இல்லையாங்கிறதுக்கு இலவச மீட்டர் மாதிரி. டியூட்டீரியம் போட்டா 643க்கு இறங்கும், கிரிப்டான்ல 852, செனான்ல 731.

எல்லாம் முடிஞ்சதும் வார்ம் அப். டர்போவோட வால்வை மூடி ரோட்டரி வழியா எடுங்க, பல மணி நேரமா படிஞ்ச நியான் ஒரே நேரத்துல கிளம்பும், அதை டர்போ தலைல கட்டாதீங்க. சேம்பர்ல ரிலீஃப் வால்வு இருக்கான்னு இதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும். 30 கெல்வின் தாண்டின உடனே ஒரு ஸ்கேன், முழுசா அறை வெப்பத்துக்கு வந்ததும் இன்னொண்ணு. அறை வெப்பத்துல எடுத்த ஸ்கேன்லயும் நிக்கிற பீக் எல்லாம் விண்டோ, பர்ஜ், எண்ணெய்னு வேற எங்கயோ இருந்து வர்றது, அந்த ஸ்கேனை தேதி போட்டு தனி ஃபோல்டர்ல சேவ் பண்ணுங்க, அசைன்மென்ட் டேபிள் எழுத உக்காரும்போது முதல்ல திறக்க வேண்டிய ஃபைல் அதுதான்.